வலப்பக்கம் சாய்ந்த கோடு

1966

ஜூன் 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பாதிப் பேரிடம் சிலேட்டு இல்லை. தம்பி ரகுபதி வீட்டை விட்டுப் போய் இன்றோடு ஐந்து நாள். பி.யு.சி.யில் தேறவில்லை என்று தெரிந்த அன்று, "எங்கனா போய்த் தொலைடா" என்றார் அப்பா. விடிவதற்குள் போய்விட்டான். என்ன உடுத்திக்கொண்டு போனான் என்று யாரும் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஜூன் 7, செவ்வாய்

போலீஸ்காரர் ஒரு சட்டையோடு வந்தார். நீலக்கோடு போட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கிடந்ததாம். ரகுவின் சட்டை. போன தீபாவளிக்கு நான்தான் துணி எடுத்தேன். சலவைக்குப் போட்டது திரும்பி வந்துவிட்டது, அவன் பெட்டியில் வைத்தேன் என்று அம்மா சொல்கிறாள். அப்பா சட்டையைக் கையில் வாங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 8, புதன்

சட்டை யாருடையது என்று உறுதிசெய்ய, எங்களுக்குத் துணி வெளுக்கும் கோவிந்தம்மாவையும் அவள் புருஷன் எல்லப்பனையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். காலருக்குள் சேராங்கொட்டைப் பாலில் போட்ட சலவைக் குறி: இரண்டு புள்ளி, ஒரு படுக்கைக்கோடு, பக்கத்தில் வலப்புறம் சாய்வாகச் சின்னக் கோடு ஒன்று. குறிக்கு என்ன அர்த்தம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "டீச்சரம்மா வூட்டுக் குறிங்க" என்றாள். சாய்வுக்கோடு? "அது... கை தவறிப் பட்டதுங்க."

பொய். பிள்ளைகள் முகத்தை வருஷக்கணக்காகப் பார்க்கிறவள் நான். பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியாதா?

ஜூன் 9, வியாழன்

ஏரியில் வலை போட்டுத் தேடுகிறார்கள். அம்மா சாப்பிடவில்லை.

ஜூன் 10, வெள்ளி

பள்ளி விட்டு வந்ததும் வீட்டில் உள்ள அத்தனை துணியையும் கூடத்தில் கொட்டினேன். அம்மாவுக்கு, எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயம்.

எல்லாவற்றிலும் இரண்டு புள்ளி, ஒரு படுக்கைக்கோடு. அது எங்கள் வீடு, சரி. சாய்வுக்கோடு மூன்றே துணியில்தான். அப்பாவின் ஜரிகை வேட்டி, என் அரக்குப் புடவை, ரகுவின் வெள்ளைச் சட்டை. பழைய பனியனில் இல்லை, கிழிந்த பாவாடையில் இல்லை. கை தவறினால் நல்ல துணியாகப் பார்த்துத்தான் தவறுமா?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இந்த மூன்றும் ஒவ்வொரு தடவை ஒரு வாரம் தாமதமாக வந்தவை. "மழைங்க, காயல" என்று சொல்லியிருந்தாள். சித்திரை வைகாசியில் என்ன மழை? நானும் மண்டையை ஆட்டி வாங்கிவைத்திருக்கிறேன். அது கல்யாண சீசன்!

வெள்ளைச் சட்டை பெட்டியில் இருக்கிறது. அம்மா வாங்கி வைத்தது அதைத்தான். அப்படியானால் நீலக்கோடு சட்டை வீட்டுக்கே வரவில்லை. விடிந்ததும் கோவிந்தம்மாவைப் பார்க்க வேண்டும்.

ஜூன் 11, சனி

கோவிந்தம்மாவைத் துறையில் போய்ப் பிடித்தேன். வேட்டியை முன்னால் போட்டு, "இரவல் கொடுத்தியா?" என்றேன். துவைகல்லிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"வலப்பக்கம் சாஞ்சா மண்ணூருக்குப் போனது, இடப்பக்கம் சாஞ்சா வாலாஜாபாத்து. ஒரே துணி ஒரே ஊருக்கு ரெண்டு தபா போனா யார்னா கண்டுபுடிச்சிருவாங்கன்னு நாந்தான் போட்டுகினு வரேன். என் வூட்டுக்காரருக்கே தெரியாதுங்க."

மண்ணூர் கண்ணப்பன் பெண் பார்க்க நீலக்கோடு சட்டையை வாங்கிப் போயிருக்கிறான். திரும்பும்போது ஏரியில் குளித்து, தன் சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் இதைக் கரையிலேயே விட்டுவிட்டான்.

"வெளிய தெரிஞ்சா ஊருல ஒருத்தரும் துணி போடமாட்டாங்கம்மா. இன்னா பண்றது?"

எனக்கு வந்த கோபத்தில் அறைந்திருப்பேன். "நாலு நாளா எங்கம்மா பச்சத்தண்ணி குடிக்கல. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். அப்புறம் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் தம்பி ஏரிக்குப் போகவே இல்லை. போகவே இல்லை.

ஜூன் 12, ஞாயிறு

சட்டையைக் கரையில் விட்டது தான்தான் என்று கண்ணப்பன் ஸ்டேஷனில் சொல்லிவிட்டான். கோவிந்தம்மா பெயர் வரவேண்டாம், சட்டை நான் இரவல் கொடுத்ததாகவே இருக்கட்டும் என்றேன். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். வலையைச் சுருட்டிவிட்டார்கள். அம்மா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

ஜூன் 17, வெள்ளி

வந்துவிட்டான்! குன்றத்தூரில் ஒரு லேத் பட்டறையில் எடுபிடி வேலை செய்திருக்கிறான். தேடுகிறார்கள் என்று யாரோ சொல்லி ஓடி வந்திருக்கிறான். முதுகில் ஓங்கி இரண்டு வைத்தேன். அம்மா தோசைக்கல்லைப் போட்டாள். அப்பா அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 27, திங்கள்

நாளை அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ரகுவுக்கு இன்டர்வியூ. பட்டறை முதலாளி சொல்லி வைத்தது. நீலக்கோடு சட்டையை ஸ்டேஷனில் இன்னும் தரவில்லை, கையெழுத்து பாக்கியாம். வெள்ளைச் சட்டை முந்தாநாள் ஆணியில் மாட்டி முழங்கையில் கிழிந்துவிட்டது.

யோசித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. போய்விட்டேன்.

கோவிந்தம்மா மூட்டையை அவிழ்த்து, சந்தன நிறத்தில் ஒரு சட்டையை உதறிக் காட்டினாள். "யாருதுன்னு மட்டும் கேக்காதீங்க டீச்சரம்மா." நான் கேட்கவில்லை. அம்பத்தூருக்கு இதுவரை ஒன்றும் போனதில்லையாம். கொஞ்சம் யோசித்து, காலருக்குள் செங்குத்தாக ஒரு கோடு போட்டாள்.

ஜூன் 28, செவ்வாய்

ரகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அப்பா மேலும் கீழும் பார்த்தார். "நல்லா கீதே. எப்ப எடுத்தது?" என்றார். "போன மாசம்பா" என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஏழு மணி பஸ். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் ஏற்றிவிட அவனோடு நடந்தார். காலர் மடிந்திருந்தது போல. தெருமுனையில் நின்று அவரே சரிசெய்துவிட்டார்.