மூன்றாவது குரல் வரவில்லை

துர்க்கை துணை

சியால்தா, கல்கத்தா

என் கண்ணான துலிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஜபல்பூரில் சுகமாக இருக்க அந்தத் தாய் காக்கட்டும். எனக்கு உடம்பு ஒன்றும் இல்லை. முகவரியைப் பார்த்துப் பதறாதே. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன உன் தம்பி பிண்டுவைச் சியால்தா ஸ்டேஷன் பக்கம் பார்த்ததாக நம் பக்கத்து வீட்டு ஹாராதன் வந்து சொன்னான், பெற்ற அப்பாவின் கருமாதிக்குக்கூட வராதவனைத் தேடிப் போவானேன் என்று உன் சித்தப்பா குதித்தார், நான் காதில் போட்டுக்கொள்ளாமல் கூச் பிகாரில் ரயிலேறிவிட்டேன்.

இந்த ஊரில் தலை சாய்க்க இடம் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தனியாக வந்த பெண்பிள்ளைக்கு ரூம் இல்லை என்று ஒவ்வொரு லாட்ஜிலும் விரட்டினார்கள். ஒருவன், "புருஷனக் கூட்டிட்டு வாங்க மாசிமா, அப்புறம் பேசலாம்" என்று பல்லைக் காட்டினான், சுடுகாட்டிலிருந்து கூட்டி வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினேன். டிராமில் ஏறினால் கண்டக்டர், "உள்ள போங்க மாசிமா, வாசல்லயே நிக்க இது என்ன உங்க மாமியார் வீடா?" என்கிறான். கடைசியில் பைட்டக்கானா சந்தைக்குப் பின்னால் மினதி என்கிறவள் தன் வீட்டு மாடி அறையைக் கொடுத்தாள். அன்றைக்கே ஸ்டேஷனைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் எல்லாம் பிண்டுவின் அடையாளம் சொல்லி, கண்டால் அம்மா மினதி வீட்டு மாடியில் இருக்கிறாள் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

நேற்று விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மெழுகுவத்தியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தேன், கதவுக்கு வெளியே "மா" என்று பிண்டுவின் குரல். அவன் இழுத்துக் கூப்பிடுவானே, அதேதான். ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தேன். மறுபடியும் "மா". நான் பதில் பேசவில்லை துலி. நிசிப் பேய் நமக்கு வேண்டியவர்கள் குரலில் வரும், இரண்டு தடவைதான் அதனால் கூப்பிட முடியும், பதில் சொன்னால் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், அதனால் இருட்டில் மூன்றாவது குரல் கேட்காமல் வாயைத் திறக்காதே என்று உங்கள் இருவருக்கும் சோற்றோடு ஊட்டியவள் அல்லவா நான். அந்தப் பழக்கம் என் நாக்கைக் கட்டிப் போட்டுவிட்டது. மூன்றாவது குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன், நின்றேன், வரவில்லை. திறந்தால் படிக்கட்டில் யாரும் இல்லை.

மினதியைக் கேட்டால், "நான் வாசப்படியிலதான் விசிறிக்கிட்டு உக்காந்திருந்தேன் தீதி, என்னைத் தாண்டி ஒரு பூனைகூட மேல போகல" என்று சத்தியம் செய்கிறாள். எதிர்ச்சாரி டீக்கடைக்காரனோ, "ஒருத்தன் மேல போனான் மாசிமா, போன வேகத்துல எறங்கிட்டான், இருட்டுல மூஞ்சி தெரியல" என்கிறான். மினதி உட்கார்ந்தபடியே குறட்டை விடுகிறவள், டீக்கடைக்காரன் எதைக் கேட்டாலும் ஆமாம் போடுகிறவன், நான் யாரை நம்புவது? பிண்டுவுக்கு நம் வழக்கம் தெரியாதா? நேரம் கழித்து வந்தால் மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, பேய் இல்லம்மா நான்தான் என்று சிரிப்பானே. வந்தது அவன் என்றால் இன்னொரு முறை கூப்பிட ஏன் மனம் வரவில்லை? அவன் இல்லை என்றால் நிசி உயிரோடு இருப்பவன் குரலில் வந்ததா, செத்தவன் குரலில் வந்ததா?

ஊருக்குத் திரும்பு என்று எழுதாதே, நான் இந்த அறையை விடமாட்டேன். நீ வருவதானால் ஸ்டேஷன் வாசலில் டாக்சிக்காரனிடம் மாட்டிக்கொள்ளாதே, கூட்டத்தோடு ரோட்டைக் கடந்து டிராம் தண்டவாளத்தை ஒட்டியே நட, காகிதக் கடைகள் வரும், அங்கே மினதி வீடு என்றால் காட்டுவார்கள். குழந்தைக்கு ஈரத்தலையோடு தொப்பி போடாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசி. உன் சங்கு வளையும் குங்குமமும் என்றும் நிலைக்கட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், என் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டாம். தாழ்ப்பாள் போடுவதையே விட்டுவிட்டேன். இனி யார் கூப்பிட்டாலும், எது கூப்பிட்டாலும், முதல் குரலுக்கே என்ன கண்ணே என்று கேட்டுவிடுவேன்.

உன் அம்மா,
சாருபாலா