தளபதி சாருமதியின் தலைக்கூடை

பிப்ரவரி 10, 1961. வெள்ளி

பத்திரிகை இன்று சிவப்பு மையில் வந்திருக்கிறது. போன வாரம் பச்சை. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

‘சந்திர மண்டலத்தில் சாருமதி’ தொடர்கதையில் தளபதி சாருமதி போட்டிருக்கும் கோட்டு பச்சை என்று நினைத்து, பச்சைத் துணி வாங்கி, வெட்டி, முக்கால்வாசி தைத்தும் விட்டேன். படம் பச்சையாக இருந்தால் கோட்டு பச்சை என்றுதானே எவளும் நினைப்பாள்? அச்சாபீசில் அந்த வாரம் பச்சை மை இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வாரம் சாருமதி சிவப்பு, அவள் விண்கலம் சிவப்பு, நிலாவும் சிவப்பு.

இவரிடம் காட்டினேன். ஆபீசிலிருந்து வந்து மப்ளரைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “போன வாரம் மூஞ்சியும் பச்சையாத்தானே இருந்துச்சு? அதையும் தைக்கப் போறியா?” என்றார்.

சூரியனைத் தினமும் போட்டோ பிடிக்கிற ஆபீசில் உத்தியோகம். வீட்டில் இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் உலை கொதித்து அடங்கிவிடும். குற்றம் சொல்வதற்கு மட்டும் வார்த்தை தயாராக இருக்கும்.

பிப்ரவரி 12, ஞாயிறு

பச்சை பச்சையாகவே இருக்கட்டும். கிழிக்கப் போவதில்லை.

மே மாதச் சீசனில், வெளியூர்க்காரர்கள் மலைக்கு வரும்போது, ஏரிக்கரையில் மாறுவேடப் போட்டி நடக்கும். இந்த வருஷம் நானே சாருமதியாக மேடை ஏறப் போகிறேன். மையில் எழுதிவிட்டேன், இனி மாற்றமில்லை.

பழனியில் படிக்கும்போது பள்ளிக்கூட நாடகத்துக்கு எத்தனை உடுப்பு தைத்திருப்பேன்! ராணிக்கு ஜரிகை, சேவகனுக்குத் தலைப்பாகை, மந்திரிக்குத் தாடி. எல்லாம் முடித்துவிட்டு, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்பேன். என் ஜரிகையைப் போட்டுக்கொண்டு கைதட்டல் வாங்கியது ஒவ்வொரு வருஷமும் வேறு யாரோ. எனக்கு இருபத்தாறு வயதாகிறது. நான் தைத்ததை நானே போட்டுக்கொண்டு ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இவரிடம் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று பார்த்தால், “நிலாவுல காத்தே கெடையாது. முதுகுல காத்துக் குடுவை இல்லாம போனா எறங்கின ஒடனே செத்துப் போவா” என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 24, வெள்ளி

இந்த வாரம் படம் நீல மை. நான் அசரவில்லை.

ஆனால் வேறு சண்டை வந்துவிட்டது. சாருமதி புடவைக்கு மேல் கோட்டுப் போட்டு நிலாவில் நிற்கிறாள், முந்தானை பின்னால் பறக்கிறது. அதே மாதிரி நிற்பதற்காக என் முந்தானை ஓரத்தில் மெல்லிய கம்பி வைத்துத் தைத்தேன்.

“காத்தில்லாத எடத்துல முந்தானை எப்படிப் பறக்கும்? தப்பு.”

“படத்துல பறக்குதேங்க.”

“படம் போட்டவருக்குத் தெரியலை.”

“உங்க சூரியன் மட்டும் படத்துல கறுப்பு வெளுப்பாத்தானே இருக்கு? நான் ஏதாவது கேட்டேனா?”

கம்பி முந்தானையிலேயே இருக்கிறது.

மார்ச் 6, திங்கள்

காத்துக் குடுவை தயார். அப்பா கடையிலிருந்து அனுப்பிய பஞ்சாமிர்த டப்பா இரண்டு, கழுவிக் காயவைத்து, வார் கட்டி முதுகில் மாட்டிக்கொண்டேன். எத்தனை கழுவினாலும் எறும்பு விடமாட்டேன் என்கிறது. நிலாவுக்கு முதலில் போகப் போவது பழனி எறும்புதான்.

தலைக்கவசத்துக்குத்தான் வழி தெரியாமல் இருந்தது. நேற்றுச் சந்தையில் பேத்துப்பாறை சோலையம்மாளிடம் பூண்டு வாங்கும்போது கண்ணில் பட்டது, அவள் பூண்டுக் கூடை. அச்சு அசல் சாருமதியின் தலைக்கவசம். அங்கேயே எடுத்துத் தலையில் கவிழ்த்துப் பார்த்தேன்.

“என்ன தாயி, வெயிலும் இல்ல மழையும் இல்ல, கூடையத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டீக?”

“நிலாவுக்குப் போறேன்.”

“போயிட்டு வெரசா வாங்க. கூடை எனக்கு வேணும்” என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள்.

மார்ச் 8, புதன்

கூடையில் முகத்துக்கு ஜன்னல் வெட்டி, உள்ளே பழைய ஃபிளானல் வைத்துத் தைத்தேன். வெளியே தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாள். மேலே குடைக்கம்பி இரண்டு, கொம்பு மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன் — சாருமதியேதான்.

ஆனால் பூண்டு! ஐயோ, அந்த நாற்றம்! இரண்டு நிமிஷம் போட்டதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இவர் கழற்றி வாங்கி, மூக்கை உள்ளே விட்டு, நிதானமாக இழுத்துப் பார்த்தார். பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். “மார்ச் எட்டு. பத்துக்குப் பத்து” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். சூரியனில் புள்ளி எண்ணுகிற மனுஷர், கூடையில் பூண்டு எண்ணுகிறார்.

மார்ச் 20, திங்கள்

கூடைக்குத் தைலமர எண்ணெய், சாம்பிராணி, ஆரஞ்சுத் தோல், வெயில். பத்துக்கு ஏழு.

ஏப்ரல் 13, வியாழன்

நேற்று மத்தியானம் இவர் ஓடி வந்தார். நடந்து வரவில்லை, ஓடி வந்தார்! கல்யாணமாகி நாலு வருஷத்தில் இவர் ஓடி நான் பார்த்ததில்லை. எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

“போயிட்டு வந்துட்டாங்க! ரஷ்யாக்காரர் ஒருத்தர், பூமியை ஒரு சுத்து சுத்திட்டு எறங்கிட்டாராம். ரேடியோல சொல்லிட்டான்!”

அடுப்பில் வைத்ததை மறந்து நானும் கூடவே குதித்தேன். குழம்பு அடிப்பிடித்தது. அதைக்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பிறகு கூடையை எடுத்து மோந்து பார்த்து, “மூணு” என்றார்.

மே 9, செவ்வாய்

பூஜ்யம்! இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார். போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

மே 12, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வீட்டுக்காரம்மா சிவபாக்கியம் வந்தார். அவர்கள் பங்களாவின் பின்கட்டில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த கவசத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“தமயந்தி, இந்த மூன் டிரெஸ்ஸை எங்க பாப்பாவுக்குக் குடும்மா. போட்டிக்குப் போட்டுக்கிட்டா ஜம்முனு இருக்கும். கல்யாணம் ஆனவ, உனக்கெதுக்கு ஸ்டேஜு?” என்றார். மூச்சு விடாமல் அடுத்தது: “சீசனுக்கு மெட்ராஸ்காரங்க இந்தப் போர்ஷனைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நாங்கதான் பார்க்கலாம்னு சொல்லி வச்சிருக்கோம்.”

புரிந்தது. கொடுக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சீசனில் இந்த ஊரில் மாட்டுக் கொட்டகைகூட வாடகைக்குக் கிடைக்காது.

நான் இவரைப் பார்த்தேன். இவர் மப்ளர் நுனியைப் பார்த்தார். “அதுக்கென்னங்க, குடுத்தாப் போச்சு” என்றார்.

குடுத்தாப் போச்சாம்! மூணு மாசமா எம் விரலெல்லாம் ஊசிக்குத்து. காத்துக் குடுவை வேணும், கம்பி தப்பு, பூண்டு ஏழு, பூண்டு மூணுன்னு அத்தனை வியாக்கியானம் பண்ணின மனுஷனுக்கு, ‘இது அவ தச்சது, அவதான் போட்டுக்கணும்’னு ஒரு வார்த்தை வரலியா? அழுதேன். நல்லா அழுதேன். மறுபடியும் திரைக்குப் பின்னால குண்டூசியோட நிக்கப் போறேன்.

மே 13, சனி

இவரோடு பேசவில்லை. இவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மே 15, திங்கள்

வீட்டுக்காரம்மாவின் ‘பாப்பா’ என் உயரம் இருப்பாள். கோட்டை அவள் அளவுக்கு இரண்டு அங்குலம் பிடிக்கச் சொல்லி ஆள் வந்தது. பிடித்துக் கொடுத்தேன். கண்ணீர் விழுந்த இடத்தில் பச்சைச் சாயம் கொஞ்சம் கலங்கிவிட்டது. மட்டமான துணி.

மே 16, செவ்வாய்

எல்லாவற்றையும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார் இவர். என்ன ஒரு அக்கறை! பங்களா முப்பது அடி தூரம். அதற்குக் கோட்டு, டப்பா, கூடை எல்லாம் எடுத்துக்கொண்டு விறகு ஷெட்டுக்குள் போய் அரைமணி நேரம் கட்டினார். துணியில் பொதிந்து, சணல் போட்டு, முடிச்சு மேல் முடிச்சு. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார். அப்புறம் இன்னொரு தடவை கழுவினார்.

மே 17, புதன்

வெள்ளனே மூட்டை திரும்பி வந்துவிட்டது!

சிவபாக்கியம் அம்மாளே மூக்கைப் பொத்திக்கொண்டு தூக்கி வந்தார். “என்னம்மா இது, கூடைக்குள்ள பொணமா கெடக்கு? பாப்பா தலையில போட்டா, ஒரே வாந்தி. சந்தைக்குப் போற மாதிரி ஸ்டேஜுக்குப் போக மாட்டேன்னு அழுவுறா. அவளை ரோஸ் ஃபிளவரா விட்டுர்றோம். நீயே வச்சுக்கோ தாயே.” மெட்ராஸ்காரர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன வாரம் பூஜ்யம்தானே? இவரைக் கேட்டேன், ஐந்து நாள் கழித்து முதல் பேச்சு. சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், “துணியைப் போட்டு இறுக்கிக் கட்டினா, ஈரப்பதத்துல பழைய வாசம் திரும்ப ஊறும். சகஜம்” என்றார்.

படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும். கோட்டில் பிடித்த தையலைப் பிரித்துக்கொண்டே பாடினேன். கவசத்தை மறுபடி சாம்பிராணியில் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கிய பூண்டில் அரை வீசை காணவில்லை. எலி பூண்டு தின்னுமா?

மே 21, ஞாயிறு

நின்றுவிட்டேன்! மேடையில்! நான்!

மைக்கில் பேசியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “அடுத்தது, தீயணைப்பு வீரர்!” என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது, சிரித்தது. முதுகில் டப்பா கிணுகிணுக்கிறது, பூண்டு நெடியில் கண் எரிகிறது, கழுத்தில் ஓர் எறும்பு. இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அப்போது கூட்டத்தின் கோடியிலிருந்து ஒரு குரல். பஸ் கண்டக்டர், தோளில் பை, நெஞ்சு மேல் விசில். பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார்: “ஏலே, அது தளபதி சாருமதிடா! தளபதியம்மா! அந்தக் குகைக்குள்ள போயிராதீக! போன வாரம் படிச்சேன், உள்ள ஆள் இருக்கான்!”

கை காலெல்லாம் புல்லரித்தது. அங்கே இங்கே என்று நாலைந்து பேர், “ஆமா, சாருமதி!” என்றார்கள். யாரும் கோட்டு நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, தளபதி மாதிரியே ஒரு சல்யூட் அடித்தேன். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் திரைக்குப் பின்னால் நின்றது எல்லாம் அந்த ஒரு சல்யூட்டில் தீர்ந்தது.

முதல் பரிசு ஒரு நாய்க்கு. தொப்பியும் டையும் கட்டிய நாய். ரோஜாப்பூவுக்கு இரண்டாவது. எனக்கு ஆறுதல் பரிசு, ஒரு சோப்புப் பெட்டி. உள்ளே சோப்பு இல்லை.

திரும்பி வரும் வழியில் குடுவை இரண்டையும் இவரே தூக்கிக்கொண்டு வந்தார். ஏரி முடிகிற இடத்தில் வாயைத் திறந்தார். “காத்தில்லாத எடத்துல, கம்பி வச்சா முந்தானை அப்படியேதான் நிக்கும். யோசிச்சுப் பார்த்தேன். தப்பில்லை.”

மே 24, புதன்

சலவைக்குப் போட இவர் கோட்டை எடுத்தேன். பையில் கையை விட்டால் பூண்டுச் சருகு, ஒரு கை நிறைய. கூடவே குறிப்புப் புத்தகம்.

மற்றவர் எழுதியதைப் படிப்பது தப்பு. படித்தேன்.

மார்ச் 8 — பத்து. மார்ச் 20 — ஏழு. ஏப்ரல் 12 — மூன்று. மே 9 — பூஜ்யம். அதற்குக் கீழே, அதே குண்டு குண்டான எழுத்தில்:

‘மே 16 — பத்துக்குப் பதினான்கு. அரை வீசை, நசுக்கியது. ஃபிளானல் நன்றாக இழுக்கிறது.’

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாள் பேசாமல் இருந்தேனே, பாவி நான். வாயைத் திறந்து ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரியாத மனுஷர், விறகு ஷெட்டில் உட்கார்ந்து பூண்டு நசுக்கியிருக்கிறார்.

புத்தகத்தையும் சருகையும் இருந்தபடியே பையில் வைத்தேன். கோட்டைச் சலவைக்குப் போடவில்லை, பழையபடி ஆணியில் மாட்டினேன். சாயங்காலம் பூண்டு ரசம் வைத்தேன், கை நிறையப் பூண்டு தட்டிப் போட்டு. வாசலில் மப்ளரைக் கழற்றும்போதே இவர் மூக்கு விடைத்தது.

“என்ன, இன்னைக்கு இந்த வாசம் வருது?”

“வாசமா? இங்கதான் காத்தே கெடையாதுங்களே” என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். மாட்டியிருந்த கோட்டைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டது. தட்டின் முன்னால் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார்.