திருப்பிப் போட்ட பைஜாமா

ஜனவரி 7, செவ்வாய்

டில்டா இன்றைக்கும் பைஜாமாவை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தலையணைக்கடியில் கரண்டி. டாய்லெட்டில் ஐந்து ஐஸ்கட்டியைப் போட்டுத் தண்ணீரை விட்டாள். இந்த மூன்றையும் செய்தால் மறுநாள் பனி கொட்டிப் பள்ளிக்கு விடுமுறை. இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். நானும் செய்தவள்தான்.

"ஏம்மா, டாய்லெட்ல போட்ட ஐஸ் எப்படி வானத்துக்குப் போகும்?"

"ஏரிக்குப் போகும். அங்கேருந்து மேகம் எடுத்துக்கும்."

"டாய்லெட் தண்ணியையா? அப்போ போன வாரம் நான் நாக்கை நீட்டிப் பிடிச்சேனே, அந்தப் பனி?"

"தூங்குடி."

வயது ஆறு, வாய் அறுபது.

ஊரிலுள்ள மூன்று பள்ளிகளுக்கும் நான்தான் மேலதிகாரி. பனி நாளில் விடுமுறை விடுவதா வேண்டாமா என்று விடிகாலை நாலரைக்குள் முடிவு செய்வதும் நான்தான். இது அவளுக்குத் தெரியாது. அம்மா ஆபீஸில் பேனா தேடுகிறாள், கையெழுத்துப் போடுகிறாள், அவ்வளவே அவள் கணக்கு. நானும் சொல்லவில்லை. போயும் போயும் ஐஸ்கட்டியோடு போட்டி போடுவதா?

ஜனவரி 9, வியாழன்

விடுமுறை இல்லை. வீட்டில் ஒரு கரண்டியும் இல்லை, எல்லாம் அவள் தலையணைக்கடியில். முள்கரண்டியால் சூப் குடித்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

நாலு மணிக்கு ரூடி போன் செய்தார். என் வீட்டுக்காரர் பனி தள்ளும் லாரி ஓட்டுபவர். என் முடிவுக்கு அவர் கண்தான் சாட்சி. "ஹெல்மி, எனக்கு என் லாரி மூக்கே தெரியல" என்றார். விட்டேன் விடுமுறை.

டில்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்க ஊர்க்கோடி மேட்டில் பனிச்சறுக்கு ஆடிவிட்டு, படுக்கைக்கு வந்ததும் விசாரணையைத் தொடங்கினாள்.

"ஏழு ஐஸ் போட்டேன்ல, அதான். ஆமா, போன வியாழக்கிழமை ஏன் விடல?"

"பனி பத்தலையாம்."

"யார் சொன்னா?"

"அதுக்குன்னு ஒருத்தர் இருக்காங்க."

"நல்லவங்களா?"

"சுமாரா."

"அவங்களுக்குப் பிள்ளை இருக்கா?"

"ஒண்ணு இருக்குன்னு கேள்வி."

"ஐயோ, பாவம் அந்தப் பிள்ளை."

விளக்கை அணைத்துவிட்டு வந்து, துண்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று அதிசயம். பைஜாமா நேராக இருக்கிறது. கரண்டிகள் அலமாரிக்குத் திரும்பிவிட்டன.

ஞாயிறன்று முன்பல் விழுந்தது. நாளைக்கு வகுப்பில் எதையாவது கொண்டுவந்து காட்டிப் பேசுவது அவள் முறை. அந்தப் பல்லைத்தான் காட்டப் போகிறாள். தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து, விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துப் போகும் பல் தேவதைக்கு மூடியில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறாள்: "புதன் வரை வராதே. பல்லுக்கு வேலை இருக்கு."

"நாளைக்கு மட்டும் பனி வேண்டாம்மா. ஐஸ் பக்கமே போகல நான்."

"இதுவரைக்கும் வேணும் வேணும்னே. இப்போ வேணாம்னா மேகத்துக்குக் குழப்பமா இருக்காதா?"

"அதுக்குத்தான் பைஜாமா. பாத்தாலே தெரியும்."

ஜனவரி 22, புதன்

நாலு மணிக்கு ரூடி சொன்னார்: "ரோடு இப்போதைக்குப் பரவாயில்ல. ஆனா காத்து ஏரிப்பக்கம் திரும்புது. எனக்குப் பிடிக்கல ஹெல்மி."

சமையலறையில் பத்து நிமிடம் நின்றேன். மேசைமேல் அந்தத் தீப்பெட்டி. பள்ளி உண்டு என்று அறிவித்தேன்.

ஏழரைக்குப் பனி கண் தெரியாமல் கொட்டியது. ஒரு பள்ளி பஸ் வழுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. உள்ளே பதினொரு பிள்ளைகள். அதில் ஒன்று டில்டா. ஒன்றரை மணி நேரம் அப்படியே. யாருக்கும் அடியில்லை. யாருக்கும் அடியில்லை. பஸ் ஓட்டும் டோனா எல்லாரையும் ஒட்டி உட்காரவைத்துப் பாடவைத்தாளாம். ரூடிதான் பனியைத் தள்ளி வழி செய்து போய்ச் சேர்ந்தார்.

படுக்கையில் டில்டா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பஸ் விழுந்தது என்னாலதாம்மா."

"என்னடி சொல்றே?"

"நான்தானே ஐஸ் போடல. பனி வேணாம்னு கேட்டேன். அதனாலதான் லீவு விடல. குட்டிப் பசங்கெல்லாம் அழுதாங்க."

"இல்லடா கண்ணு" என்றேன். போர்வையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தேன். நான்தான் என்று ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்திருக்கலாமே. ஏன் சொல்லல? பயம். வேறென்ன.

ஜனவரி 23, வியாழன்

ஃப்ரீசரில் இருந்த அத்தனை ஐஸையும் கொட்டிவிட்டாள். பைஜாமா, காலுறை, அப்பாவின் கம்பளித் தொப்பி, எல்லாமே திருப்பிப் போட்டிருக்கிறாள். தூங்கவில்லை. "இது போதுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். திருடி நான், அபராதம் கட்டுவது அவள்.

ஜனவரி 24, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

"லீவு விடறதுக்குன்னு ஒருத்தர் இருக்காங்கன்னு சொன்னேன்ல. அது நான்தான்."

எழுந்து உட்கார்ந்தாள். "நீயா?"

"நான்தான்."

"அப்போ என் ஐஸ்?"

"சாக்கடைக்குப் போச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

கொஞ்ச நேரம் அந்த ஐஸ்கட்டிகளுக்காகத் துக்கம் அனுசரித்தாள்.

"அப்போ பஸ்?"

"உன்னால இல்ல. காத்து சரியில்லன்னு அப்பா சொன்னாரு. நான் கேக்கல. தப்பு என்னோடது."

"ஏன் கேக்கல?"

எந்த இடத்தில் பிடிக்க வேண்டுமோ அங்கேயே பிடித்தாள். இரண்டு நாளாக நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி.

"மேசைல உன் பல்லு இருந்துச்சு. நீ ரொம்ப ஆசையா இருந்தே. ஆசைப்படறது உன் வேலை, அதுல தப்பே இல்ல. ரோட்டைப் பாக்கறதுதான் என் வேலை. அதை நான் சரியாப் பாக்கல."

"டோனாகிட்ட சாரி சொன்னியா?"

"சொன்னேன்."

"மத்தவங்க அம்மா அப்பாகிட்ட?"

"ஒவ்வொரு வீட்டுக்கும் போயிட்டு வந்தேன்."

"பஸ்கிட்ட?"

"... திங்கக்கிழமை சொல்லிடறேன்."

போர்வைக்குள் போனபிறகு ஒரு குரல் வந்தது. "அன்னைக்கு உன்னை நான் திட்டல. பாவம் அந்தப் பிள்ளைன்னுதான் சொன்னேன்."

ஐந்தே நிமிடத்தில் குறட்டை. எனக்குத்தான் அழுகை நிற்க நேரமாயிற்று.

பிப்ரவரி 5, புதன்

நாளைக்குப் பலத்த பனி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். இதைச் சொல்ல ஒரு வானிலை நிலையம்.

"என்ன மேடம், நாளைக்கு லீவு வேணுமா?" என்று சீண்டினேன்.

"சொல்ல மாட்டேன்."

"பைஜாமா நேரா இருக்கே?"

"இது சும்மா பைஜாமா."

"என் காதுல மட்டும் சொல்லேன்."

"அம்மா, அப்பா என்ன சொல்றாரோ அதைக் கேளு. நாலு மணிக்கு எழுந்திரிக்கணும்ல? போய்த் தூங்கு."

இந்த வீட்டில் யார் யாரைத் தூங்கவைக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ரூடி வேண்டாம் என்றார். நானும் மறுபேச்சில்லாமல் விடுமுறை விட்டேன்.

எட்டு மணிக்கு அவள் கையுறையைக் காயவைக்க அடுப்பருகே உதறினேன். உள்ளேயிருந்து அந்தத் தீப்பெட்டி விழுந்தது. மூடிச் சீட்டில் "புதன்" அடிக்கப்பட்டு "வியாழன்" என்று இருந்தது.

"டில்டா, இன்னைக்கா உன் முறை?"

"டீச்சர் மாத்திக் கொடுத்தாங்க."

"ராத்திரி அத்தனை தடவை கேட்டேனே, ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ ரோட்டைப் பாக்க மாட்டே. என்னைத்தான் பாப்பே."

தீப்பெட்டியை அவள் கையில் வைத்தேன். "வருத்தமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"கொஞ்சம். பரவாயில்ல, பல்லுதான் ஏற்கெனவே விழுந்தாச்சே. இனி எங்கே போகப் போகுது?"

பென்சிலை எடுத்து "வியாழன்" என்பதையும் அடித்தாள். "வெள்ளி" என்பதற்கு மட்டும் நான் எழுத்துக்கூட்டிக் கொடுத்தேன்.