வலப்பக்கமே திரும்பினேன்

நவம்பர் 12, புதன்
சீவா, எகிப்து

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு வழி தொலைந்து பழக்கமில்லை. எந்த வீதியில் கிளம்பினாலும் வலப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால் கோயிலைச் சுற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம். பாலைவனத்து நடுவே ஊற்றும் பேரீச்சந்தோப்புமாக இருக்கும் இந்த ஊரிலும் அதையே நம்பி, வாடகை சைக்கிளை வலப்பக்கமாகவே திருப்பிக்கொண்டிருந்தேன்.

"போன்ல வழி பாருங்களேன்" என்றாள் பின்னால் மிதித்து வந்த என் மனைவி மாலதி.

"எனக்குத் தெரியும், வா."

தோப்பு முடிந்தது. பாதையும் முடிந்தது. அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டியவரை மணல்தான். போனில் சிக்னல் இல்லை, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ செருப்பைக் கழற்றிவிட்டு மணல்மேட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இருட்டிடும், வாம்மா."

"கொஞ்சம் இருங்க. கல்யாணம் ஆனதிலேர்ந்து அந்த நாலு வீதியத்தானே சுத்திக்கிட்டிருக்கேன். இது எங்கயுமே முடியல பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு எங்கள் டயர்த் தடத்தைப் பார்த்துக்கொண்டே அவள் முன்னால் போக, நான் பின்னால் வந்தேன்.

இப்போது காலில் ஒட்டிய மணலைக்கூடக் கழுவாமல் தூங்குகிறாள். வெள்ளிக்கிழமை திருச்சிக்குக் கிளம்ப வேண்டும். "எனக்குத் தெரியும், வா" என்று அவளிடம் சொல்ல இனி வாய் வருமா, தெரியவில்லை.