உப்பின் மணம்

பெப்ரவரி 3, திங்கள்

வைரஸ் காய்ச்சல் விட்டு ஐந்து நாள். இன்று கறித்தூளுக்கு மல்லி வறுத்தேன். மணம் எழும்பியதும் இறக்குவது என் வழக்கம்; மணிக்கூடு பார்த்ததில்லை. மணம் வரவில்லை. வறுத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வளவிலிருந்து வடிவம்மா கத்தினாள்: "அம்மா, மல்லி கருகுதுங்க!"

தாச்சியில் கரி. அடுப்புக்கு முன்னால் நின்ற எனக்குத் தெரியாதது வேலிக்கு அப்பால் நின்றவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பெப்ரவரி 4

சவர்க்காரம், கற்பூரம், மண்ணெண்ணெய். ஒன்றும் மணக்கவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

டொக்டரிடம் போனேன். "வைரஸ் மூக்கின்ர நரம்பைத் தாக்கியிருக்கு. கிழமைக் கணக்கில வரலாம், மாதக் கணக்கும் எடுக்கலாம்." வராமலும் போகுமோ என்று கேட்டேன். "சில பேருக்கு" என்றார்.

நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். மிச்சம் எல்லாம் மூக்கின் வேலையாம். மாம்பழத்தை மாம்பழமாக்கியது மூக்கா? எழுபத்தெட்டு வயதில் இதை அறிகிறேன். கொன்வென்ற்றில் படித்த காலத்தில், சுகாதாரப் பாடத்தில் சிஸ்டர் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரு படமும் தந்தார். மூக்குக்கு நாலு வரி. இவ்வளவு பெரிய ஒன்று சத்தமில்லாமல் எனக்குள் இருந்திருக்கிறது.

பெப்ரவரி 12, புதன்

23ஆம் திகதி என் கணவரின் திவசம். படைக்கும்வரை சமையலை வாயில் வைக்கக் கூடாது. பத்து வருடமாகக் கொதியின் மணத்திலேயே உப்புப் பார்த்தேன். ஒருமுறையும் பிழைத்ததில்லை. உப்புக்கு மணமே கிடையாது என்கிறார் டொக்டர். அப்படியென்றால் இத்தனை வருடமும் நான் மணந்தது எதை?

மகன் கோகுலன் வவுனியாவிலிருந்து போனில் கதைத்தான். "கடையில எடுப்பம் அம்மா. ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்."

"கொப்பாவுக்குக் கடைச் சோறோ?"

வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 19

உப்பை மணந்து சொல்ல வடிவம்மாவைக் கேட்கலாம். கேட்க என்ன வெட்கம்? மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். சண்டை முடிந்து 2010இல் தர்மபுரத்துக்குத் திரும்பிய நாளிலிருந்து பக்கத்து வளவு. முருங்கைக்காய் கொண்டுவருவாள், படியோடு போய்விடுவாள். என் குசினிக்குள் அவள் கால் வைத்ததில்லை. வாவென்று நான் சொன்னதுமில்லை.

பெப்ரவரி 20

கேட்டேன். "நானா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

பெப்ரவரி 23, ஞாயிறு

வடிவம்மா விடியவே குளித்து ஈரத்தலையோடு வந்தார். குசினி வாசலில் நின்றுகொண்டார். "உள்ளுக்கு வாங்கோ."

"இங்கயிருந்தே தெரியுதுங்க. பூசணிக்குச் சரி. பருப்புக்கு உப்புப் பத்தல."

எப்படி என்று கேட்டேன்.

"நீங்க வெந்தயத்த நல்லாச் சிவக்க விட்டுத்தானே போடுவீங்க? வெள்ளிக்கிழமை ஒரு மணம், ஞாயித்துக்கிழமை ஒரு மணம். இன்னைக்குப் பருப்புல அந்த மணம் கொறையுதுங்க. பதினஞ்சு வருசமா உங்க அடுப்புத்தான் எங்க வீட்டுக்குக் கலண்டர்."

ஒருநாளும் நுழையாத குசினியை இவ்வளவு அறிந்து ஒருவர் வேலிக்கு அப்பால் இருந்திருக்கிறார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். பருப்புக்கு அவரே உப்புப் போட்டார்.

படைத்தோம். காகம் வந்தது. வவுனியாவிலிருந்து வந்திருந்த கோகுலன் சாப்பிட்டு, "அம்மாவின்ர கை மாறேல்லை" என்றான். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"உப்புப் பார்த்தது வடிவம்மா."

அவன் நிமிர்ந்தான். "குசினிக்க வந்தவாவோ?"

"ஓம். உனக்கு இன்னும் பருப்பு வேணுமோ?"

வேணும் என்றான்.

மார்ச் 2, ஞாயிறு

மணம் வரவில்லை.

மத்தியானம் வடிவம்மா வீட்டில் சாப்பிட்டேன். முதல் தடவை. கருவாட்டுக் குழம்பு. உப்பும் புளிப்பும் உறைப்பும் தெரிந்தன. "இது எப்படி மணக்குது?" என்று கேட்டேன். அவர் குனிந்து சட்டியை மணந்து பார்த்தார்.

"கருவாடு கருவாடு மாதிரித்தாங்க மணக்கும்."

சிரித்ததில் எனக்குப் புரைக்கேறிவிட்டது. தண்ணீர் தந்தார். பிறகு தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.