ஒரு விரல் அகல வெளிச்சம்

ஹோர்சன்ஸ், டென்மார்க், 3 செப்டெம்பர் 1944
இன்றிரவும் ஜன்னலின் இருட்டடிப்புத் திரையை — போர்விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாமல் மறைக்கும் கறுப்புத் தாளை — வேண்டுமென்றே ஒரு விரல் அகலம் விலக்கி வைத்தேன். பக்கத்து வீட்டுக் கான்ஸ்டபிள் வில்லாஸ் ஏமாற்றவில்லை. ஜன்னலில் மூன்று தட்டு.

"பிள்ளை, வெளிச்சம் தெரியுது. அடுத்தமுறை அபராதம்."

எத்தனையாவது அடுத்தமுறையோ. விளக்கம் கேட்டால் விளக்கை அணை என்கிறார்.

11 செப்டெம்பர்
வில்லாசுக்குக் கண்ணாடி தேவை. நண்பகல், நல்ல வெயில். எதிர்வீட்டு அச்சகக்காரரின் ஜன்னலைத் தட்டி, "வெளிச்சம் தெரியுது" என்றார். சிரித்து வயிறு நொந்தது.

பின்னேரம் — அச்சகக்காரரைப் பிடிக்க, நாட்டை ஆக்கிரமித்திருக்கும் ஜெர்மன்காரர் வந்தார்கள். வீடு காலி. அடுப்பில் உருளைக்கிழங்கு இன்னும் கொதித்துக்கொண்டிருந்ததாம்.

கண்ணாடி எனக்குத்தான் தேவை.

19 செப்டெம்பர்
காலையில் விமானத் தாக்குதல் சங்கு. தெருவே நிலவறைக்கு ஓட, வில்லாஸ் மட்டும் தொப்பியைப் போட்டுக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார். சங்கு ஊதினால் அங்கே நிற்க வேண்டுமாம். ஒரு விமானமும் வரவில்லை. சங்கை ஊதவைத்துவிட்டு ஜெர்மன்காரர்தான் நிலையத்தில் காத்திருந்தார்கள். காவலர்கள் எல்லாரும் காவலில்.

பள்ளிக்கூடத்தில் பொய் மணி நானும் அடித்திருக்கிறேன். யாரையும் லொறியில் ஏற்றவில்லை.

"தொப்பி எடுத்தவர், கோட்டு எடுக்கேல்லை" — அவர் மனைவி மார்னா இதையே அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

20 செப்டெம்பர்
திரையை விலக்கினேன். யாரும் தட்டவில்லை.

14 ஜனவரி 1945
எல்லா ஊரிலும் பிடித்துவிட்டார்கள்; பொலிசே இல்லாத நாடு. விளக்கில்லாமல் சைக்கிள் ஓடலாம், அடுத்தவர் வீட்டு மணியை அடித்துவிட்டு ஒளியத் தேவையில்லை. எனக்குச் சொர்க்கம்தானே? பிறகு ஏன் ஒன்றும் செய்ய மனம் வரவில்லை?

வில்லாஸ் ஜெர்மனியில் ஏதோ முகாமில். "கீர்ஸ்டன், மார்னாவுக்கு முன்னாலை வாயைத் திறக்காதை" என்கிறார் அம்மா. திறந்தால்தானே.

4 மே
டென்மார்க்கில் ஜெர்மன்காரர் சரணடைந்ததாக வானொலி சொன்னது. இருட்டடிப்புத் தாளைக் கிழித்து, ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுதிரி. ஊரே குற்றம் செய்கிறது, அபராதம் போட ஆளில்லை. மார்னா வீடு மட்டும் சட்டத்தை மதித்து இருட்டில் கிடந்தது.

29 மே
வில்லாஸ் வந்துவிட்டார். யாருடையதோ கோட்டு. அதற்குள் இன்னொருவருக்கும் இடமிருந்தது. நான் வணக்கம் சொன்னேன். என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"கதைக்கிறாரில்லை. கறுப்புத் தாளையும் எடுக்க விடுறாரில்லை" என்றார் மார்னா.

2 ஜூன்
நண்பகல், நல்ல வெயில். போய் அவர் ஜன்னலில் மூன்று தட்டுத் தட்டினேன்.

"ஐயா, உங்கடை வீட்டிலை வெளிச்சம் தெரியேல்லை. அடுத்தமுறை அபராதம்."

தட்டியிருக்கக் கூடாதோ? வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பின்னால் அவர் ஜன்னலில் தாள் சரசரத்தது. ஒரு விரல் அகலம்.