பலகையில் ஒரு ‘ங்க’

பாய்,

இன்று காலை மலையடிவாரத்தில் டர்பன்டைன் வாசம் அடித்தது. என் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியும். நாமக்கல்லில் டீசல் சிந்தினால் சேந்தமங்கலத்தில் எனக்குத் தும்மல் வரும். பஞ்சர் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இரண்டு பெயிண்டர்கள் பலகைகளைக் கழற்றி வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். முதல் பலகையிலேயே நீ இருந்தாய். நீ அதில் இருப்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சுரண்டத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். யார் சொல்லி? நான் சொல்லி.

கோபப்படாதே. வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தச் சீமையில் எல்லோரும்தான் ‘ங்க’ போட்டுப் பேசுகிறோம். ஆனால் நீ போட்டது அளவுக்கு மீறியது. கொல்லிமலையில் அன்னாசியும் பலாவும் வாங்கி வந்து சந்தையில் விற்கிற வியாபாரி நீ. பழத்தைத் தட்டிப் பார்க்கும்போது அதனிடம் அனுமதி கேட்கிற மாதிரிதான் தட்டுவாய். தடத்தில் நாய் குறுக்கே படுத்திருந்தால் “கொஞ்சம் தள்ளுங்க” என்பாய்.

“ஏம் பாய், நாய்க்கு எதுக்கு மரியாதை?” என்று நான் கத்துவேன்.

“அதுக்குக் குடுத்தா நமக்குக் கொறஞ்சா போயிருமுங்க, மாமா?” என்பாய்.

உன்னை நான் எத்தனை பேர் முன்னால் கேலி செய்திருக்கிறேன்! அதற்கும் சிரித்துவிட்டு “ஆமாங்க” என்பாய்.

திட்டம் வந்த வருஷம் நினைவிருக்கிறதா? மலையேற்றம், கயிற்றில் தொங்குதல், கூடாரம் அடித்துத் தங்குதல் முதலானவற்றால் அடிவாரத்து மக்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தும் திட்டம். மூன்று மாநிலம் லாரி ஓட்டிய எனக்கே அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் பிரேக் போட வேண்டியிருந்தது. தடத்தை அளக்க எட்டுப் பேர் வந்தார்கள். புது ஷூ, புதுத் தொப்பி, முதுகில் ஒரு தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். கைக்குழந்தை தோற்றது. நீ முன்னால் நடந்தாய். பின்னால் மூச்சு வாங்கி விழுந்த ஐந்து பேரைத் தோளில் தூக்கி வந்தவன் நான். நீ இருந்திருந்தால் “ஒருத்தருதானுங்க, அதுவும் கையப் புடிச்சுத்தானுங்க” என்பாய். இருந்துவிட்டுப் போகட்டும்.

பாதி மலையில் அந்தப் பாறை. நடுவில் உரல் போலக் குழி, அதில் எப்போதும் மழைத்தண்ணீர். பட்டணத்து அதிகாரி அதன்மேல் சாய்ந்துகொண்டு கேட்டார்:

“இந்த ஸ்பாட் பேர் என்ன?”

“ஒரலுப்பாறைங்க.”

“ஒரலுப்பாறைங்கா?”

“ஆமாங்க.”

கையிலிருந்த தகடு மாதிரி கம்ப்யூட்டரில் இங்கிலீசில் தட்டிக்கொண்டார். முடிந்தது. அடுத்த மாதம் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்தில் வந்து நின்றது: ஒரலுப்பாறைங்கா காட்சி முனை. அன்னாசிக்குப் பக்கத்தில் கூறு போட்டு விற்கிற ஏதோ சீமைப் பழத்தின் பெயர் மாதிரி! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எட்டாவது வரை படித்தவன் நான், அதுவும் அந்தக் காலத்து எட்டாவது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

நீ சிரிக்கவில்லை. துண்டால் பலகையின் தூசியைத் துடைத்துவிட்டு, “எம்பட பேச்சுங்க, மாமா. நாஞ் சொன்னத அப்படியே எழுதிட்டாங்க” என்றாய்.

அதோடு நின்றிருந்தால் நானும் சிரிப்போடு விட்டிருப்பேன். வழிகாட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நீ மனுப் போட்டாய். முதுகில் ‘வழிகாட்டி’ என்று எழுதிய பச்சைச் சட்டை. உன் ஆயுளில் நீ ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான். பத்தாவது பாஸ் இல்லை என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே திருப்பி அனுப்பினார்கள். பாஸ் செய்த ஆறு பேருக்குச் சேலத்தில் ஓட்டல் அறையில் மூன்று நாள் பயிற்சி. மலையைப் படத்தில் காட்டினார்களாம். அதில் ஒருவன் பச்சைச் சட்டையோடு முதல் நாளே என் கடைக்கு வந்து உன்னிடம் வழி கேட்டான். நீ என்ன செய்தாய்?

“நேராப் போங்க, சாமி. ஒரல் மாதிரி குழி வருமுங்க. அங்கிருந்து எடது பக்கம் ஏறுங்க.”

அவனை அறையாமல் விட்டேனே, அது உன் முகத்துக்காக.

பிறகு அடிவாரத்தில் கேட் வைத்தார்கள். நாற்பது வருஷம் பழக்கூடையோடு ஏறிய தடத்துக்கு நீ சீட்டு வாங்கினாய். சீட்டில் ‘சாகசப் பயணி’ என்று அச்சடித்திருந்தது. அதையும் மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாய்.

திட்டத்தின் சாகசத்தைக் கேள். கயிறு கட்டினார்கள், அதில் தொங்க ஆள் வரவில்லை, இப்போது கோவைக்கொடி தொங்குகிறது. முயல் உருவத்தில் குப்பைத் தொட்டி வைத்தார்கள், உள்ளே குரங்கு குடித்தனம். கழிப்பறை கட்டினார்கள், சாவி யாரிடம் என்று கழிப்பறைக்கும் தெரியாது. அதிகாரி தவறவிட்ட தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு தாட்டியான குரங்கு கேட்டுக்கும் பாறைக்கும் தினமும் நடந்தது. அந்தத் திட்டத்தில் ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வந்தது அது ஒன்றுதான்.

உனக்கு அந்தச் சட்டை இல்லை என்றதும் நான் சும்மா இருக்கவில்லை. நான்கு பக்கத்துக்கு மனு எழுதினேன். பெயர்ப் பலகை தப்பு, ஊருக்கே மானக்கேடு, உடனே உரல்பாறை என்று மாற்றாவிட்டால் கோட்டை வரைக்கும் வருவேன் என்று வெளுத்து வாங்கினேன். நீ வேண்டாம் என்றாய்.

“இருந்துட்டுப் போகட்டுமுங்க, மாமா.”

ஏன் சொன்னாய் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தபாலில் போட்டுவிட்டேன். பதில் இல்லை. அடுத்த மழைக்கு நீயும் இல்லை. கபர்ஸ்தானில் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு வந்தபோதும் அந்த மனு என் நினைவில் இல்லை.

தெருவிளக்கு கேட்டேன், பஸ் நிறுத்தம் கேட்டேன், வடிகால் கேட்டேன். எதற்கும் திறக்காத காது இந்த ஒன்றுக்குத் திறந்திருக்கிறது, பாய். இன்று ஆத்தூர்ப் பக்கத்து அதிகாரி ஒரு பெண் என் மனுவைக் கோப்போடு கொண்டுவந்திருந்தாள்.

“நீங்கதான் மனு போட்டவரா? பேரை உரல்பாறைன்னு மாத்த உத்தரவு வந்துடுச்சு. சந்தோஷமா ஐயா?”

பெயிண்டர் சுரண்டியை ‘ங்கா’வின் மேல் வைத்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்தேன். இந்த மலையில் உனக்குச் சட்டை தரவில்லை, பெயர் தரவில்லை. அவர்களை அறியாமல் விட்டுவைத்தது உன் ‘ங்க’ ஒன்றைத்தான்.

“நிறுத்து! அந்தப் பேரு சரிதான்!”

“அப்புறம் எதுக்கு நாலு பக்கம் தப்பு தப்புன்னு எழுதினீங்க?”

“அப்ப எனக்கு வெவரம் பத்தலைங்க.”

என் வாயில்தான் வந்தது. பிறந்ததிலிருந்து ‘வெவரம் பத்தலை’ என்ற வார்த்தை அங்கே வந்ததில்லை. சின்னப் பெண்ணிடம் ‘ங்க’ வேறு.

பிறகு எடுத்துவிட்டேன். “ஒரு ராஜா இந்த மலையேறி வந்தாருங்க. இந்தக் கல்லுக்குப் பேரென்னன்னு கேட்டாரு. வழிகாட்டிப் போனவரு மரியாதையாச் சொன்னாரு. ராஜாவுக்குப் பேரு எது, மரியாதை எதுன்னு தெரியல. மொத்தத்தையும் எழுதி வெச்சுட்டாரு. அதுல கடைசியில இருக்கற தொணைக்கால் மட்டுந்தான் தப்புங்க.”

என் ஆயுளில் நான் விட்ட கதைகளில் பொய் மிகக் குறைந்தது இதுதான். ராஜா ஒருவர்தான் கூடுதல்.

அவள் கோப்பைப் புரட்டினாள், வாட்சைப் பார்த்தாள். “உத்தரவுல மாத்தணும்னு இருக்கு. காலை எடுத்தாலும் மாத்தினதுதான்” என்று கையெழுத்துப் போட்டாள். முழு மலையையும் தூக்கிக்கொண்டு போனாலும் அப்படித்தான் போடுவார்கள். இந்த முறை மட்டும் வாழ்க.

பெயிண்டர் கடைசிக் காலை மட்டும் சுரண்டி எடுத்தான். பலகையை நானே சுமந்து மேலே போய் நட்டேன். பாதித் தூரம் பெயிண்டரும் பிடித்தான், சரி, முக்கால் தூரம். ஒரலுப்பாறைங்க. இனி எந்தக் குழாய்வாயன் மூச்சு வாங்கி அங்கே நின்றாலும் நீதான் அவனுக்குப் பதில் சொல்வாய்.

இறங்கும்போது தடத்தில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. சுற்றிலும் பார்த்துக்கொண்டேன், ஆள் இல்லை.

“கொஞ்சம் தள்ளுங்க” என்றேன்.

எழுந்து தள்ளிப் படுத்தது, பாய். இதில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.